மெட்ராஸில் தலை, மைசூரில் கால்

வெளிதேசம் போய் வந்தவர்களெல்லாம் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். கப்பலில் தலை சுற்றி வாந்தி எடுத்ததைக்கூட நாலு பக்கத்துக்கு ரசித்து எழுதுகிறார்கள். நான் மட்டும் எதற்குச் சும்மா இருக்க வேண்டும்? எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேர் என் கண் முன்னால் தலையை மெட்ராஸ் ராஜ்யத்திலும் காலை மைசூர் ராஜ்யத்திலும் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி தூங்கினார்கள். லண்டன் போனவன் எவனாவது இப்படித் தூங்கியிருப்பானா?

இதற்கெல்லாம் மூல காரணம் என் அண்ணன் ராஜமாணிக்கம். சேலத்தில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிறார். சண்டை முடிந்து பட்டாளத்தில் கழித்துப் போட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். பர்மா வரைக்கும் போய் வந்த வண்டி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதன் கோலத்தைப் பார்த்தால், போகும்போது அது பட்டாளத்தைச் சுமந்துகொண்டு போய், வரும்போது பட்டாளம் அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கும் என்றுதான் தோன்றும்.

ஏதோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படம் பார்த்தாராம். வெள்ளைக்காரர்கள் சனி ஞாயிறு ஆனால் ஜீப்பில் ஏறி, ரோடே இல்லாத காடு மேடாகத் தேடி ஓட்டி, கூடாரம் அடித்துத் தங்குகிறார்களாம். அதற்காகச் சேலத்திலிருந்து ஓசூரில் இருக்கும் எங்கள் வீடு வரைக்கும் வந்துவிட்டார். ரோடு இல்லாத இடத்தைத் தேடி இவ்வளவு தூரம் வந்த அப்பாவி அவர் ஒருவர்தான். எங்கள் தாலுகாவில் நாங்கள் ரோடு இருக்கிற இடத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

"நாமே விறகு பொறுக்கணும், நாமே அடுப்பு மூட்டணும், நாமே பொங்கித் திங்கணும். அதுதாம்மா இதுல சுகமே" என்றார். ஒவ்வொரு 'நாமே'க்கும் என் முகத்தைத்தான் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் போஸ்டாபீஸ் கிளார்க். தும்மல் வந்தால்கூட மேலதிகாரியின் பக்கம் திரும்பித் தும்மலாமா என்று யோசிக்கிற ஆள். அப்படிப்பட்டவர் காட்டில் போய்ப் படுக்க உடனே தலையாட்டினாரே, அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். விஷயம் இதுதான். நம் பக்கம் மதுவிலக்கு. வாயில் பிராந்தி வாசனை அடித்தால் ஜெயில், உத்தியோகமும் போச்சு. மைசூர்ப் பக்கம் அந்தக் கெடுபிடி இல்லை. ஆகவே மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து எல்லையோரமாக ஒரு இடம் பார்த்து இயற்கையை ரசிக்கப் போகிறார்கள்.

"ஆனா ஒண்ணு மச்சான். எல்லை எங்க ஓடுதுன்னு திட்டமாத் தெரியாம நான் ஒரு சொட்டு தொட மாட்டேன். சர்க்கார் உத்தியோகம்" என்று இவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவருடைய இந்த ஒழுக்கத்தால் ஒரு பொம்பளையின் கிணறு போய்விடப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். மார்கழிக் குளிர். ஜீப்புக்குக் கதவு கிடையாது, மேலே கூரை என்று ஒரு கித்தான், அதுவும் பாதி. என் மடியில் அண்ணன் கொண்டுவந்த டின்கள். மீன் டின், ஜாம் டின், சீமைப் பாலாடைக்கட்டி டின். காட்டில் வேறு என்ன தின்பது என்று அவருக்குக் கவலை. பின்னால் கூடாரத் துணி, அதற்கான கயிறு, ஒரு மூட்டை மர முளைகள், அவற்றை அடிக்க ஒரு கொட்டாப்புளி. எல்லாம் பட்டாளத்து ஏலச் சாமான். இந்த முளைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கெலமங்கலத்தில் ஒரு காபி கிளப்பில் நிறுத்தினோம். இட்லி ஆறிப்போயிருந்தாலும் சட்னி காரமாக இருந்தது. அண்ணன் அன்றைக்குக் காக்கி அரைக்கால் சட்டையும் தலையில் சோலார் தொப்பியும் மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற இரண்டு பேர் ஜீப்பையும் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள்.

"சர்க்கார் வண்டி."

"யாருக்கோ கெட்ட காலம் பொறந்துருச்சு."

அண்ணனுக்குக் கன்னடமும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். வண்டி நன்றாக இருக்கிறதாம் என்றேன். நான் சேலத்தில் பிறந்தவள்தான். ஆனால் ஓசூரில் வாழ்க்கைப்பட்டால் மூன்று பாஷையும் தானாக வாயில் வந்துவிடும். பால்காரியிடம் ஒன்று, காய்க்காரியிடம் ஒன்று, வீட்டுக்காரரிடம் ஒன்று. இதில் கடைசி பாஷைதான் எதிராளிக்குப் புரிவதே இல்லை.

அதற்கு அப்புறம் ரோடு நின்றுபோனது. அண்ணனுக்குப் பரம சந்தோஷம். ஏதோ ஒரு குச்சியைப் பிடித்து இழுத்து, "இப்ப நாலு சக்கரமும் இழுக்கும் பார்" என்றார். புன்செய்க் கொல்லைகளுக்கு நடுவில், புதரில், பாறையில், நாங்கள் மூன்று பேரும் முறத்தில் போட்டுப் புடைத்த கொள்ளு மாதிரி குதித்துக்கொண்டு போனோம். பாலாடைக்கட்டி டின் என் முழங்காலில் நூறு முத்தம் கொடுத்தது. வெயில் ஏறும் நேரத்துக்கு ஒரு ஓடை வந்தது. கணுக்கால் அளவுதான் தண்ணீர். "பர்மாவுல ஆத்தையே தாண்டின வண்டி இது" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் இறக்கினார். வண்டி நடு ஓடையில் எருமை மாதிரி உட்கார்ந்துகொண்டது. நாலு சக்கரமும் இழுத்தது வாஸ்தவம். கீழ்நோக்கி இழுத்தது.

அக்கரைக் கொல்லையில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருத்தன் தொப்பியைக் கண்டதும் மாட்டை அப்படியே அவிழ்த்து ஓட்டிக்கொண்டு ஓடிவந்தான். பெயர் சென்னப்பா. வாயெல்லாம் சிரிப்பு. இரண்டு மாடும் ஒரே இழுப்பில் வண்டியை இக்கரைக்குக் கொண்டுவந்து போட்டன. அண்ணன் பர்மாவை விட்டுவிட்டுச் சக்கரத்துச் சேற்றைக் குச்சியால் சுரண்ட ஆரம்பித்தார்.

இந்த இடத்தில்தான் வினை பிறந்தது. என் வீட்டுக்காரர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே முதல் கேள்வியாக, "இங்க மெட்ராஸுக்கும் மைசூருக்கும் எல்லை எதுன்னு கேளு" என்றார். நானும் தெலுங்கில் கேட்டுத் தொலைத்தேன்.

அது எந்த வருஷம் என்று யோசித்துப் பாருங்கள். பாஷை வாரியாக ராஜ்யத்தைப் பிரிக்கப் போகிறார்கள், ஓசூர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று டீக்கடை டீக்கடையாகச் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். அளக்கிற அதிகாரிகள் இன்றைக்கு வருகிறார்கள், நாளைக்கு வருகிறார்கள் என்று எல்லையோர ஊர்களில் வதந்தி. அந்த நேரத்தில் காக்கி, தொப்பி, ஜீப், கயிறு, முளை, கொட்டாப்புளி. இறங்கினவுடனே எல்லை எது என்று கேள்வி. எங்களை யார் என்று அவன் நினைத்திருப்பான்?

சென்னப்பா துளிகூட யோசிக்கவில்லை. ஓடையைத்தான் எல்லை என்று நான் நினைத்திருந்தேன். அவன் எங்களை ஓடையிலிருந்து மேலே கூட்டிக்கொண்டு வந்தான். ஓடைக்கரையில் ஒரு கிணறு, அதைத் தாண்டிக் கொஞ்சம் வெற்றுத் தரை, அதற்கும் மேலே ஒரு ஓட்டு வீடு. கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் போய் நின்று காலால் கோடு கிழித்தான்.

"இதுதான் சாமி எல்லை. பழைய ஓடை இப்படித்தான் ஓடுச்சு. கிணறு மைசூரு, வீடு மெட்ராசு."

எல்லைக்கல் எங்கே என்று இவர் கேட்டார். சென்னப்பா கிணற்றடியைக் காட்டினான். நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தி அங்கே சேலையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல்லில் ஏதோ எழுத்து செதுக்கியிருந்தது. அதுதான் எல்லைக்கல்.

"எங்க மாமியார் காலத்துலயே இங்கதான் கெடக்குது. நான் கொண்டுவரலை" என்றாள் அவள் பட்டென்று. கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்தது. அவள்தான் திம்மக்கா. சென்னப்பாவின் அண்ணன் பெண்டாட்டி. புருஷன் செத்துப்போய்விட்டான். வீடும் இக்கரைக் கொல்லையும் கிணறும் இவளுக்கு, அக்கரைக் கொல்லை தம்பிக்கு என்று பாகம் பிரித்திருந்தார்கள். அக்கரையில் தண்ணீர் கிடையாது. சென்னப்பா எங்களைக் கண்டதும் ஏன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தான் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்கள் வீட்டு ஆண்களுக்குப் புரியவில்லை.

அவன் கிழித்த கோட்டின் மேலேயே குறுக்கே விழுந்தாற்போலக் கூடாரம் எழும்பியது. தலைமாடு மெட்ராஸ், கால்மாடு மைசூர். என் வீட்டுக்காரர் கயிறு பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, கோட்டின் நேராக நாலு முளையைத் தனியாக அடித்து, அதில் கயிறு கட்டி, என் பழைய சிவப்புச் சேலைத் தலைப்பைக் கிழித்துத் தொங்கவிட்டார். இருட்டில் தெரியாத்தனமாகக் கிளாசோடு மெட்ராஸுக்கு வந்துவிடக் கூடாதே என்ற பயம். ஊர் ஜனம் மொத்தமும் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தது. கொட்டாப்புளி முளையின் தலையில் இறங்குகிறபோதெல்லாம் திம்மக்கா கண்ணை மூடித் திறந்தாள்.

சாயங்காலம் மணியக்காரர் வந்தார். ஊருக்குப் பெரிய மனிதர், நல்ல தமிழ் பேசினார். பின்னாலேயே ஒரு கூடை முட்டை, இரண்டு கோழி, ஒரு செம்புப் பால், ஒரு வண்டி விறகு. அதிகாரி வந்து கூடாரம் போட்டால் ஊர் கொடுக்க வேண்டிய மாமூல் அது. வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம், யாரும் கேட்காமலேயே வந்து சேரும்.

"கிராமத்து ஜனங்களோட வெள்ளை மனசைப் பார்த்தியாம்மா! முன்னப்பின்ன தெரியாதவனுக்கு இவ்வளவு உபசாரம்!" என்று அண்ணன் உருகினார்.

"அண்ணா, உங்களைச் சர்க்கார் ஆளுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. கோழியைத் திருப்பிக் கொடுங்க" என்றேன்.

"அவங்களா நெனைச்சுக்கிட்டா நான் என்ன பண்றது? நான் சொன்னேனா?" என்றார். கோழி குழம்பாகியது. மணியக்காரர் வீட்டிலிருந்து ராகிக் களியும் பிதுக்கம்பருப்பு என்கிற, தோல் பிதுக்கின அவரைக்கொட்டைக் குழம்பும் வேறு வந்தன. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் குழம்பு தேவாமிர்தம். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று தெரியாமல் அண்ணன் அரை மணி நேரம் மென்றார். டின்களை யாரும் தொடவில்லை. டின்னைத் திறக்கிற சாவி சேலத்தில் இருந்தது.

பிராந்தி வாங்கி வருகிற பாரத்தைச் சென்னப்பா ஏற்றுக்கொண்டான். சைக்கிளில் மைசூர் ராஜ்யத்து ஆனேக்கல் பக்கம் போய் இரண்டு பாட்டில் வாங்கி வந்து, கால்மாட்டில், மைசூர் மண்ணில், பக்தியோடு வைத்தான். இரண்டு பேரும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குடித்தார்கள். நடுவில் ஊறுகாய்க்குக் கை நீட்ட வேண்டியிருந்தால் என் வீட்டுக்காரர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுத்தான் கையைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தார். இந்த மனுஷனுக்கு ஏன் இன்னும் பிரமோஷன் வரவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஜீப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யானை பார்க்கப் போனோம். காட்டுக்குள் ஒரு மேட்டில் ஏறி, ஒரு பள்ளத்தில் இறங்கி, மறுபடி அதே மேட்டில் ஏறினோம். யானை பார்க்கவில்லை. எங்கள் சத்தத்துக்கு எந்த யானையும் மைசூரையே தாண்டி ஓடியிருக்கும். சாணம் பார்த்தோம். அண்ணன் அதைத் தொட்டுப் பார்த்து, "சூடா இருக்கு, பக்கத்துலதான் எங்கேயோ" என்றார். வெயிலில் கிடந்த சாணம் வேறு எப்படி இருக்கும்? அது மாட்டுச் சாணம் என்பது வேறு விஷயம்.

மத்தியானம் திரும்பி வந்தபோது கிணற்றடியில் சத்தம் கேட்டது. திம்மக்கா குடத்தோடு நிற்கிறாள். சென்னப்பா வழியை மறித்து முள் வெட்டிப் போட்டிருக்கிறான், எங்கள் சிவப்புத் துணிக் கயிற்றை ஒட்டியே. கோபம் வந்தால் அந்தக் குடும்பம் தெலுங்கிலிருந்து கன்னடத்துக்கு மாறிவிடும் போலிருக்கிறது.

"நேத்து வரைக்கும் உன் கிணறு. இப்ப சர்க்காரே முளை அடிச்சாச்சு. இது மைசூர்க் கிணறு, நான் மைசூர்க்காரன். தண்ணி வேணும்னா என்னைக் கேட்டு எடு."

"உங்க அண்ணன் வெட்டின கிணறுடா. மண்ணு சுமந்தது நானு."

"அதை ஆபீசர்கிட்ட சொல்லு."

என்னைக் கண்டதும் அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "அம்மா, போன வருஷம் இந்த ஓடையைத் தாண்டி ஒரு மூட்டை ராகி கொண்டு போனதுக்கே பெர்மிட் சீட்டு எங்கேன்னு புடிச்சு உக்கார வெச்சாங்க. ராகிக்கே சீட்டு கேட்டவங்க தண்ணிக்குக் கேக்க மாட்டாங்களா? அவரைக்கொல்லை பூ வெச்சிருக்குது. இன்னும் ரெண்டு நாள் தண்ணி இல்லேன்னா எல்லாம் கருகிப்போயிரும். உங்க அய்யாகிட்ட சொல்லுங்க, முளையைக் கொஞ்சம் தள்ளி அடிக்கச் சொல்லுங்க."

நேராக அண்ணனிடம் போனேன். "அண்ணா, விளையாட்டு போதும். இது வெறும் கூடாரத்து முளை, நாங்க யாரும் ஆபீசர் இல்லைன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லிடுங்க."

அண்ணன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இரண்டு நாள் கோழி தின்றதில் முகத்தில் ஒரு தாசில்தார் களை வந்திருந்தது. "இப்பச் சொன்னா மரியாதையா இருக்குமா? தின்ன கோழிக்கு யார் பதில் சொல்றது? காலையில எப்படியும் கெளம்பிடப் போறோம். பார்க்கலாம்னு சொல்லு" என்றார்.

"பார்க்கலாமாம்" என்றேன் திம்மக்காவிடம். வேறு என்ன சொல்ல? அவள் முகம் செத்துப்போனது. சர்க்கார் 'பார்க்கலாம்' என்று சொன்னால் கிடையாது என்று அர்த்தம். தெலுங்கிலும் அப்படித்தான், கன்னடத்திலும் அப்படித்தான், தமிழில் கேட்கவே வேண்டாம்.

என் வீட்டுக்காரரிடமாவது நியாயம் இருக்குமா என்று பார்த்தேன். "அந்தாளு கிழிச்ச கோடு தப்புன்னா, நான் நேத்துக் குடிச்சது எந்த ராஜ்யத்துல?" என்று கேட்டார். அவர் கவலை அவருக்கு.

பொழுது சாய்கிற நேரத்துக்கு நானே அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அந்தத் தொப்பிக்காரர் என் அண்ணன், சேலத்தில் மோட்டார் சாமான் விற்கிறார், இன்னொருவர் என் புருஷன், தபாலாபீஸ், இரண்டும் திருட்டுத்தனமாகக் குடிப்பதற்கு இடம் தேடி வந்த ஜென்மங்கள், அளக்க வரவில்லை.

அடுப்பூதிக்கொண்டிருந்தவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"குடிக்கிறதுக்கு யாராவது கயிறு புடிச்சு அளப்பாங்களாம்மா?"

என் புருஷனைப் பற்றி முழுக்க விளக்க ஒரு சாயங்காலம் போதாது. "சாமி சத்தியமா சொல்றேன்" என்றேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு இரண்டு அவரைக்காயைக் கிள்ளிப் போட்டாள். நம்பவில்லை என்றுதான் நினைத்தேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். அன்றைக்கு எனக்குக் குழம்பு இறங்கவில்லை.

திங்கட்கிழமை விடிய ஆரம்பித்திருந்தது. நான் எழுந்து காபிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். பனி மூட்டத்தில் கூடாரத்தைச் சுற்றி ஒரு உருவம் குனிந்து குனிந்து நிமிர்வது தெரிந்தது. யார் என்று பார்ப்பதற்குள் கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெருமூச்சு விட்டு, இரண்டு ஆண்பிள்ளைகளின் மேலும் பொத்தென்று படுத்துக்கொண்டது.

உள்ளேயிருந்து ஒரு கூச்சல். "யானை! யானைடா மாப்ளே! மிதிக்குது!" என்று அண்ணன் அலறுகிறார். துணிக்கு அடியில் இரண்டு மேடு அங்கும் இங்கும் ஓடுகின்றன, ஒன்றை ஒன்று முட்டுகின்றன. அண்ணன் மிதிக்கிறது என்று கத்தியது என் வீட்டுக்காரரின் காலை. நான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டிருக்க வேண்டும்தான். சிரிப்பில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

இவர்கள் துணியிலிருந்து விடுபட்டு வெளியே தவழ்ந்து வர வெகு நேரம் ஆனது, அதற்குள் கொட்டாப்புளிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. டொக், டொக், டொக். கிணற்றுக்கும் அப்பால், ஓடைக்கரையை ஒட்டி, திம்மக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசி முளையை அடித்துக்கொண்டிருந்தாள். கயிறு கட்டியாகிவிட்டது. சிவப்புத் துணியையும் மறக்கவில்லை. என் வீட்டுக்காரர் அடித்ததைவிட நேராகவே இருந்தது.

சத்தம் கேட்டு ஊரே கூடிவிட்டது. சென்னப்பா தலைதெறிக்க ஓடிவந்தான். "சர்க்கார் முளையைப் புடுங்கிட்டா! எல்லாரும் பார்த்துக்குங்க!" என்று கத்தினான். அண்ணன் தொப்பியில்லாத தலையோடு, "யாரைக் கேட்டு என் முளையைப் புடுங்கின?" என்று எகிறினார். நான் மொழிபெயர்த்தேன்.

திம்மக்கா கொட்டாப்புளியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். "நீங்க மெட்ராசுன்னு சொன்னாலும் சரி, மைசூருன்னு சொன்னாலும் சரி. எந்த ராஜாவோ ஆண்டுட்டுப் போகட்டும். என் வீடும் என் கிணறும் ஒரே பக்கம் இருக்கணும்."

மணியக்காரர் மெதுவாக முன்னால் வந்து கீழே பார்த்தார். விழுந்த கூடாரத்தின் கால்மாட்டில் துணி விலகி, ஒரு காலிப் பாட்டிலும் ஒரு பாதிப் பாட்டிலும் உதய சூரியனில் பளபளத்தன. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"சாமி, ஒரே ஒரு சந்தேகம். இந்த முளை எல்லை முளையா, வெறும் கூடாரத்து முளையா?"

அண்ணன் வாயைத் திறந்தார்.

"எல்லை முளைன்னா, இப்ப அது ஓடைகிட்ட இருக்குது. அப்ப இந்தப் பாட்டிலு மெட்ராசுல இருக்குது. நான் தாலுகாவுக்கு எழுதியாகணும், என் கடமை. கூடாரத்து முளைதான்னா எனக்கொண்ணும் இல்லை. ஆனா ஊர்க்காரங்க, நீங்க யாரு, எதுக்குக் கோழி தின்னீங்கன்னு கேப்பாங்க. என்னன்னு எழுதட்டும்?"

அண்ணன் திறந்த வாயை மூடினார். பிறகு மறுபடி திறந்தார். அதற்குள் என் வீட்டுக்காரர், அந்தப் பயந்தாங்கொள்ளி, வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு காரியத்தைச் சட்டென்று செய்தார். பாதிப் பாட்டிலை எடுத்து, கண்ணில் நீர் தளும்ப, அப்படியே மண்ணில் கவிழ்த்தார். காலிப் பாட்டிலை ஓடைக்கு அப்பால் வீசினார். அது உண்மையிலேயே மைசூரில் போய் விழுந்தது.

"பாட்டிலா? எந்தப் பாட்டில்?" என்றார் மணியக்காரரிடம். "எல்லை சரியாத்தான் இருக்குது. அந்தம்மா அடிச்ச இடம்தான் கரெக்ட். முதல்ல அடிச்சது சும்மா பரிட்சைக்கு."

"அப்ப கிணறு?"

"கிணறு வீட்டுப் பக்கம்" என்றார் அண்ணன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. மணியக்காரர் திரும்பி ஊருக்கு மூன்று பாஷையிலும் சொன்னார். சென்னப்பா முகத்தில் ஈயாடவில்லை. முள்ளை அவனே அள்ளிக்கொண்டு போனான்.

முளையைக் கேட்டு வாங்க முடியுமா? எல்லையைப் பிடுங்கி மூட்டை கட்டிக்கொண்டு போகிற அதிகாரி உலகத்தில் உண்டா? கூடாரத் துணியை மட்டும் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம். திம்மக்கா எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வண்டியைத் திருப்பும்போது அதே ஓடையின் ஓரத்துச் சேற்றில் ஜீப் மறுபடி உட்கார்ந்தது. இந்த முறை சென்னப்பா மாட்டைக் கொண்டுவரவில்லை. இரண்டு ஆண்களும் இறங்கி, தொடையளவு சேற்றில் நின்று தள்ளினார்கள். நான் வண்டியிலேயே உட்கார்ந்து, நாமே தள்ளுவதில்தான் சுகமே என்று உற்சாகப்படுத்தினேன்.

அவரைப் பருவம் முடிகிற சமயத்தில் கெலமங்கலம் சந்தையில் திம்மக்காவைப் பார்த்தேன். முன்னால் குவியல் குவியலாக அவரைக்காய். என்னைக் கண்டதும் எழுந்து நின்று சிரித்தாள். முளை இருக்கிறதா என்றேன். இருக்கிறதாம். கடைசி முளையில் கன்றுக்குட்டி கட்டுகிறாளாம். சர்க்கார் முளையில் கட்டினதை எவனும் அவிழ்க்க மாட்டானாம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "திம்மக்கா, நான் அன்னைக்குச் சொன்னது நெசம். அவங்க சர்க்கார் இல்லை. நீதான் நம்பலை" என்றேன்.

"யாரு நம்பலை?" என்றாள் அவள். "நீங்க சொன்னதை நம்பித்தானே அம்மா புடுங்கினேன். நெசமான சர்க்கார் முளையா இருந்தா அதுல கை வெச்சிருப்பேனா? என் தலையை இல்ல வாங்கியிருப்பாங்க!"

அவள் என் பையில் ஒரு படி அவரைக்காயைக் கொட்டினாள். வேண்டாம் என்று தடுத்தாலும் கேட்கவில்லை. பிறகு பக்கத்துக் கடைக்காரி காதில் விழாதபடி குனிந்து, தணிந்த குரலில் கேட்டாள்.

"உங்க அண்ணன் மறுபடி எப்ப வருவாரு? தெற்கால ஒரு வரப்பு தகராறுல இருக்குது. தொப்பியை மறக்காம எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க."